கடலூரில் வீடு கட்டுகிறவர்களுக்கு: கழிவுநீர் வேலையில் எந்த அனுமதி, எந்த வழி, எந்த ஆள்?

நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் போன மாதம் என் அலுவலகத்துக்கு வந்தார். திருப்பாதிரிப்புலியூரை ஒட்டி முப்பதுக்கு நாற்பதில் ஒரு மனை வாங்கியிருக்கிறார், 1,200 சதுர அடி. கீழே ஒரு போர்ஷன், மேலே மகனுக்கு ஒன்று. வாழ்நாள் முழுக்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தவர். கழிவறையில் ஊற்றும் தண்ணீர் எங்கே போகிறது என்று அவர் யோசிக்க வேண்டியே வந்ததில்லை. "மேடம், அனுமதிக்கு எப்படி எழுதிப் போடுறது, டேங்க் கட்டுறதா, பாதாள சாக்கடையில சேர்க்குறதா, வேலைய யார்கிட்ட குடுக்குறது? இந்த மூணையும் சொல்லிட்டீங்கன்னா போதும்" என்றார்.

மூன்றையும் தனித்தனியாகக் கேட்டார். எனக்கு அவை ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன. அவருக்குச் சொன்னதை இன்னும் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அனுமதி. 2024 ஜூலை 22 முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறை நடப்பில் இருக்கிறது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரையும் முதல் தளமும், குடியிருப்பு மட்டும். இந்த அளவுக்குள் வந்தால் ஒற்றைச் சாளர இணையத்தில் பத்திரம், பட்டா, வரைபடம் எல்லாவற்றையும் ஏற்றி, கட்டணம் கட்டியதும் அனுமதி கைக்கு வந்துவிடும். யாரும் மனையைப் பார்க்க வரமாட்டார்கள். கட்டி முடித்தபின் முடிவுச் சான்றும் தேவையில்லை. நெய்வேலிக்காரர் மனை இதற்குள் கச்சிதமாக அடங்குகிறது.

இன்னொன்று வழக்கமான அனுமதி. மாநகராட்சி நகரமைப்புப் பிரிவு ஆவணங்களைச் சரிபார்த்து, இடத்தைப் பார்த்து, அப்புறம் தரும். கீழே இரண்டு கடை, மேலே வீடு என்று கட்டுகிறவர்களுக்கும், இரண்டாவது மாடி போடுகிறவர்களுக்கும் இந்த வழிதான். தேவனாம்பட்டினம் பக்கமோ உப்பனாற்றை ஒட்டியோ மனை இருந்தால் இரண்டுக்கும் முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா? கடல் பக்கம் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அந்த மண்டலம். அதை முடிவு செய்யாமல் சுயசான்றில் கை வைக்காதீர்கள். தவறான விவரத்தைக் கொடுத்து வாங்கிய அனுமதி எந்த நாளும் ரத்தாகலாம், பொறுப்பு முழுக்கக் கையெழுத்துப் போட்டவருக்கு.

அனுமதியே வாங்காமல் கட்டுவது மூன்றாவது வழி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வரைபடம் இல்லாமல் வங்கிக் கடன் நகராது, பின்னால் விற்கும்போதும் வாங்குகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார். உடனடியாக அனுமதி கிடைக்கும் காலத்தில் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஆக, நெய்வேலிக்காரருக்குச் சுயசான்றுதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒன்றை அவரிடம் இரண்டு தடவை சொன்னேன். வரைபடத்தில் செப்டிக் டேங்க் என்று ஒரு சதுரம் போட்டிருப்போம். அந்த இடத்தில் மண்ணுக்குள் உண்மையிலேயே என்ன இறங்குகிறது என்று பார்க்க அரசாங்கத்திலிருந்து இனி ஒருவர் வரப்போவதில்லை. வழக்கமான அனுமதியில் மட்டும் பார்த்தார்களா என்றால், குழியை மூடியபின் வருகிறவரால் என்ன பார்க்க முடியும்? சுயசான்றில் அந்தக் கொஞ்சமும் இல்லை.

இது எனக்கு ஏட்டறிவு இல்லை. என் பெற்றோர் வீட்டைக் கட்டியபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கோப்பில் இரண்டு அறைகள் கொண்ட செப்டிக் டேங்க் அழகாக வரையப்பட்டிருக்கிறது. கட்டியவர் இறக்கியதோ நான்கு சிமென்ட் உறை. அடியில் தளம் இல்லை, உறைக்கும் உறைக்கும் நடுவே பூச்சு இல்லை. பத்து வருஷம் நிறையவே இல்லை என்று அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு போர் தண்ணீரில் வாடை வருகிறது என்று அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். டேங்க் நிறையவில்லை என்றால் அது எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அது குடிக்கும் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது.

பாதாள சாக்கடையா, செப்டிக் டேங்க்கா?

உங்கள் தெருவில் பாதாள சாக்கடை ஓடிக்கொண்டிருந்தால் அதில் சேருங்கள். முன்பணம், சாலை வெட்டும் கட்டணம், அப்புறம் தொடர்ந்து கட்டவேண்டிய கட்டணம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் டேங்க் மலிவாகத் தோன்றும். அந்தக் கணக்கில் ஏமாற வேண்டாம். காரணம் ஒரு எளிய அளவுதான்.

செப்டிக் டேங்க்கிலிருந்து வெளிவரும் நீரை மண்ணில் விடும் இடத்துக்கும், கிணறோ போரோ இருக்கும் இடத்துக்கும் நடுவே 18 மீட்டர் வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 18 மீட்டர் என்றால் 59 அடி. முப்பதுக்கு நாற்பது மனையில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நூல் பிடித்தால் சரியாக 50 அடி. அதாவது, மனையின் இந்தக் கோடியில் சோக் பிட்டும் (அந்த நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி) அந்தக் கோடியில் போரும் போட்டால்கூட அளவு தேறாது. இதில் பக்கத்து வீட்டுக்காரர் போரை இன்னும் சேர்க்கவில்லை. கடலூரில் புதிதாகப் போடும் மனைப் பிரிவுகளில் பெரும்பாலானவர்கள் வாங்குவது இந்த அளவு மனைதான்.

அடுத்தது நிலத்தடி நீர் மட்டம். கெடிலத்துக்கும் தென்பெண்ணைக்கும் நடுவிலும், முதுநகர்ப் பக்கமும் மழைக்காலத்தில் கடப்பாறையால் குத்தினாலே தண்ணீர் ஊறும் இடங்கள் உண்டு. நீர் மட்டம் தரையிலிருந்து 180 சென்டிமீட்டருக்குள் இருந்தால் சோக் பிட் தோண்டக் கூடாது, கழிவுநீரைத் தரைக்கு மேலே மேடு கட்டி அதில் பரப்ப வேண்டும் என்பதும் அதே தர நிர்ணயத்தில் இருக்கிறது. நம் ஊரில் அப்படி மேடு கட்டியவர்களை நான் விரல் விட்டு எண்ணலாம். எட்டடி ஆழத்துக்கு உறை இறக்குகிறவர்கள்தான் அதிகம். உறைக்குள் தண்ணீர் நிற்பதைக் காட்டி "ஊத்து நல்லா இருக்கு" என்று ஒரு மேஸ்திரி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் தென்பெண்ணையில் வந்தபோது கரையோரக் குடியிருப்புகள் மூழ்கின. அந்த வாரம் டேங்க் வைத்திருந்தவர்கள் பட்டது எனக்கு மறக்காது. வெள்ளம் வடிந்தபின்னும் கழிவறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நின்றது. டேங்க்கும் சுற்றியுள்ள மண்ணும் ஒரே தண்ணீராகிவிட்டால் அது இறங்க இடமில்லை.

பாதாள சாக்கடையிலும் வெள்ளத்தில் எதிர்த்து வரும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதற்கு மருந்து நம் கையில் இருக்கிறது. வீட்டின் மிகத் தாழ்வான கழிவறைக் கோப்பையும் குளியலறைத் தளமும் தெரு மேன்ஹோல் மூடியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். தெருவில் தார் மேல் தார் போட்டு உயர்ந்துகொண்டே போவதால் இதை இன்றைய மூடி மட்டத்துக்கு மேல் தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் குழாய்கள் வந்து சேரும் வாசல் சேம்பரில், அதாவது சின்னத் தொட்டியில், தண்ணீரைத் திரும்ப உள்ளே வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போடுங்கள். அப்புறம், மொட்டைமாடி மழைநீரை அந்தச் சேம்பரில் விடவே விடாதீர்கள். மேன்ஹோல் பொங்குவதற்குப் பெரிய காரணமே வீடுகளிலிருந்து வரும் மழைநீர்தான். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து நம் மாநிலத்தில் கட்டாயம், அதற்கென்று தனிக் குழி இருக்கவே வேண்டும்.

இணைப்பு வேலையில் எல்லை ஒன்று இருக்கிறது. வீட்டிலிருந்து வாசல் சேம்பர் வரை நம் ஆள் செய்யலாம். சேம்பரிலிருந்து சாலையை வெட்டி மேன்ஹோலில் சேர்ப்பது மாநகராட்சி அனுமதியோடு நடக்க வேண்டிய வேலை. ராத்திரியோடு ராத்திரியாக உடைத்துச் சேர்த்துத் தருகிறேன் என்று வருகிறவரை அனுப்பிவிடுங்கள். பின்னால் அடைப்பு வந்தால் புகார் கொடுக்கக்கூட உங்களிடம் ஓர் இணைப்பு எண் இருக்காது.

சரி, தெருவில் பாதாள சாக்கடை வரவில்லை. நம் மாநகராட்சியில் அப்படிப்பட்ட தெருக்கள் நிறைய, சுற்றியுள்ள ஊராட்சிகளில் கேட்கவே வேண்டாம். அப்போது இரண்டு வகை டேங்க் முன்னால் நிற்கும்: கட்டுவது, வாங்கி இறக்குவது.

கட்டும் டேங்க் பெரிதாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். ஐந்து பேர் வீட்டுக்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் ஒரு மீட்டர், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கும் கணக்கில் இதுவே போதும். பத்துப் பேருக்கு இரண்டு மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம், அதே ஒரு மீட்டர் ஆழம். இதன் மேல் ஓர் அடி வெற்றிடம். நெய்வேலிக்காரர் வீட்டில் இரண்டு குடும்பம் என்பதால் பத்துப் பேர் அளவைச் சொன்னேன். மிச்சமாகும் பணத்தை அடித்தளத்திலும் உட்பூச்சிலும் போடுங்கள். சொட்டுத் தண்ணீர் வெளியே கசியக் கூடாது. காற்றுக் குழாய் மாடிக்கு மேலே இரண்டு மீட்டர் போக வேண்டும். பக்கத்து வீட்டு ஜன்னல் மட்டத்தில் நிறுத்திவிட்டு வருஷம் முழுக்கச் சண்டை போடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

வாங்கி இறக்கும் பயோ டேங்க் (பாக்டீரியா கழிவைச் சிதைக்கும் ரெடிமேட் தொட்டி) மண் வேலையைக் குறைக்கும், கசியாது, ஒரே நாளில் முடியும். நல்ல பொருள்தான். ஆனால் விற்கிறவர்கள் சொல்லாத இரண்டு விஷயம் இருக்கிறது. உள்ளே பாக்டீரியா என்ன செய்தாலும் ஊற்றிய தண்ணீர் அவ்வளவும் மறுபக்கம் வெளியே வந்தே தீரும், அதற்கு இடம் வேண்டும், 18 மீட்டர் கணக்கு அதற்கும் உண்டு. இன்னொன்று, அது மிதக்கும். 2,000 லிட்டர் டேங்க் காலியாக இருக்கும்போது சுற்றிலும் நிலத்தடி நீர் ஏறினால் கிட்டத்தட்ட இரண்டு டன் விசை அதை மேலே தள்ளும். கீழே கான்கிரீட் தளம் போட்டு அதோடு பிணைக்காமல் கடலூர் மண்ணில் இதை இறக்காதீர்கள். மழைக்காலத்தில் காலி செய்யவும் வேண்டாம்.

எந்த டேங்க் என்றாலும், வெளிவரும் தண்ணீரைக் குறைப்பது பாதி வேலை. குளியலறை, துணி துவைக்கும் தண்ணீரைத் தனிக் குழாயில் எடுத்து வாழை, கல்வாழைப் பாத்திக்கு விடுங்கள். மனை சின்னதாக இருந்து 18 மீட்டர் கிடைக்கவே கிடைக்காது என்றால் குடிக்கவும் சமைக்கவும் போர் தண்ணீரை நம்பாதீர்கள், குழாய் இணைப்பை வாங்குங்கள். முழுத் தீர்வு என்று இதைச் சொல்ல மாட்டேன். சின்ன மனையில் கிடைக்கும் மிகக் குறைந்த தீமை இதுதான்.

டேங்க் கட்டும்போதே அதை எடுக்கப்போகும் நாளையும் நினைக்க வேண்டும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை லாரி வரும். இரண்டு அறைக்கும் மேலே தனித்தனி மூடி வேண்டும், லாரிக் குழாய் எட்டும் இடத்தில். மூடி மேல் டைல்ஸ் ஒட்டி, அதன் மேல் காரை நிறுத்தினால் ஒருநாள் யாரோ உள்ளே இறங்க வேண்டிய நிலை வரும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி செப்டிக் டேங்க்குக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்வது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். அந்தக் குழிக்குள் ஒரு மூச்சு இழுத்தாலே ஆள் விழுந்துவிடலாம், காப்பாற்றக் குனிந்தவரும் சேர்ந்து விழுந்திருக்கிறார். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணத்தைப் பற்றிப் பேசும் நிலைக்கே நம் வீட்டு டேங்க் யாரையும் கொண்டுபோய்விடக் கூடாது. உரிமம் பெற்ற லாரிக்கு 14420 என்ற எண் இருக்கிறது, அதில் கூப்பிடுங்கள்.

வேலையை யாரிடம் கொடுப்பது

மின்வேலைக்கு உரிமம் கொடுக்க மாநிலத்துக்கு ஒரு வாரியம் இருக்கிறது, வயர்மேனிடம் அட்டையைக் கேட்டுவிடலாம். பிளம்பிங்கில் விஷயம் அவ்வளவு தெளிவாக இல்லை. அதனால் வீட்டுக்காரர்கள் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மொத்தக் கான்ட்ராக்ட்தான் அதிகம். சதுர அடிக்கு இவ்வளவு என்று மேஸ்திரி பேசிவிடுவார், குழாய் வேலையும் அதற்குள். அலைச்சல் இல்லை. ஆனால் அவர் பிளம்பரை உள்ளே கொண்டுவந்து குறைந்த கூலிக்கு முடிப்பார், அந்தப் பிளம்பர் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்திருக்க மாட்டார். சேம்பர் கட்டுவது கொத்தனார், குழாய் சேர்ப்பது பிளம்பர். கசிவது எப்போதும் இந்த இருவர் வேலையும் சேரும் இடத்தில்தான். கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார்.

பிளம்பரைத் தனியாகப் பேசி, பாயின்ட் கணக்கில் கூலி கொடுப்பது இரண்டாவது. குழாய்த் திறப்பு ஒவ்வொன்றும் ஒரு பாயின்ட். உள் வேலைக்கு இது நன்றாகவே நடக்கிறது. மண்ணுக்குள் போகும் குழாயில்தான் சிக்கல், ஏனென்றால் பாயின்ட் கணக்கில் வாட்டத்துக்கு, அதாவது குழாயின் சரிவுக்கு, கூலி இல்லை. நான்கு அங்குலக் குழாயை நாற்பதுக்கு ஒன்று என்று சரித்துப் போட டியூப் மட்டம் பிடித்து, மணல் பரப்பி, திரும்பத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். பாயின்ட்டுக்குக் கூலி வாங்குகிறவர் அதை ஏன் செய்யப் போகிறார்?

நான் சொல்வது மூன்றாவது. உள் வேலை பாயின்ட் கணக்கில் இருக்கட்டும். மண்ணுக்குள் போகும் குழாய், சேம்பர், டேங்க் மூன்றையும் ஒரே ஆளின் பொறுப்பில், தனித் தொகையில் பேசுங்கள், கொத்தனாரும் அவருக்குக் கீழே. மாநகராட்சியில் பதிவு பெற்ற பிளம்பர் யார் என்று பொறியியல் பிரிவில் கேளுங்கள், இணைப்பு வேலைக்கு அப்படிப்பட்டவரே வேண்டும். ஐ.டி.ஐ.யில் ஒரு வருஷப் பிளம்பர் படிப்பு முடித்தவர்கள் இருக்கிறார்கள். எந்தத் தாளும் இல்லாத அருமையான கைக்காரர்களும் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறார்கள், அவர்களோடு வேலை செய்துதான் நானே பாதி கற்றுக்கொண்டேன். ஆளை எடை போட எனக்கு ஒரு கேள்வி போதும்: "பத்தடிக்கு எவ்வளவு வாட்டம் குடுப்பீங்க?" மூன்று அங்குலம் என்று யோசிக்காமல் சொன்னால் உட்காரச் சொல்லிப் பேசுவேன். "தண்ணி ஓடுற மாதிரி பார்த்துக்கலாம்" என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். அனுமதிக் கட்டணத்தோடு நாம் அந்த நிதிக்கும் கட்டுகிறோம். குழி சரிந்து ஒருவருக்கு ஏதாவது ஆனால் அந்த அட்டைதான் அவர் குடும்பத்துக்குக் கைகொடுக்கும். இல்லாதவர்களுக்குப் பதிவு செய்து கொடுப்பதில் உங்களுக்கு ஒரு நாள் போகும், அவ்வளவுதான்.

புதுச்சேரியில் வேலை பார்க்கும் ஆளைக் கூட்டிவரலாமா என்று கேட்பவர்கள் உண்டு, கன்னியக்கோயில் தாண்டினால் வந்துவிடுகிறார்களே. தாராளமாக, கை நன்றாக இருந்தால். ஆனால் அங்கே கேள்விப்பட்ட விதியை இங்கே நம்பாதீர்கள். புதுவையில் கட்டட அனுமதி புதுச்சேரி நகரமைப்புக் குழுமத்தில், 2012-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி. தண்ணீரும் கழிவுநீர் இணைப்பும் பொதுப்பணித் துறையின் பொதுச் சுகாதாரக் கோட்டத்தில். நம் சுயசான்று அங்கே செல்லாது. பாகூர்ப் பக்கம் மனை வாங்கியவர்கள் கடலூர் வரைபடத்தையே நகலெடுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன், திரும்பி வந்து முதலிலிருந்து வரைய வேண்டியிருந்தது.

பார்க்க யாரும் வரமாட்டார்கள் என்று முதலில் சொன்னேன். அந்த இடத்தில் நாம்தான் நிற்க வேண்டும். டேங்க் பூச்சு காய்ந்ததும், சுற்றி மண் தள்ளுவதற்கு முன்னால், தண்ணீர் நிரப்பி ஒரு நாள் ஊறவிட்டு, பிறகு சுவரில் கோடு போட்டு இன்னொரு நாள் விடச் சொல்வேன். கோடு இறங்கினால் மறுபடி பூச வேண்டும். குழாயை மூடுவதற்கு முன்னால் டேப்பை விரித்து வைத்துப் படம் எடுங்கள், சுவரிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று தெரியும்படி. அந்தப் படங்களை அனுமதிக் கோப்போடு வையுங்கள். கடைசித் தவணையை இந்தச் சோதனை முடியும்வரை கையில் வைத்திருங்கள் என்று ஒப்பந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள், அப்போது யாருக்கும் மனக்கசப்பு இருக்காது.

நெய்வேலிக்காரர் தெருவில் பாதாள சாக்கடை இல்லை. சுயசான்றில் அனுமதி, பத்துப் பேர் அளவில் கட்டும் டேங்க், குளியலறைத் தண்ணீர் தனியாக வாழைப் பாத்திக்கு, கழிவறைத் தண்ணீருக்குப் பின்பக்கம் மேடு, சமையலுக்குக் குழாய்த் தண்ணீர் என்று முடிவு செய்திருக்கிறோம். நாளைக்குத் தெருவுக்குப் பாதாள சாக்கடை வந்தால் டேங்க்கைத் தாண்டி நேரே வாசலுக்குப் போக, ஒரு குழாயை இப்போதே வாட்டத்தோடு போட்டு மூடி அடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆவணி பிறந்ததும் குழி தோண்டுகிறார்கள், ஐப்பசிக்குள் மூடிவிட வேண்டும்.